ஐந்தாவது படி

இந்த மேசையின் இடது முன்கால் இரண்டு மில்லிமீட்டர் குட்டை, இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் எழுதும்போதெல்லாம் லேசாக ஆடுகிறது. உங்கள் வரிகள் போகப் போகக் கீழே இறங்குவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு தபால் அட்டையை மூன்று முறை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். முதல் நாளே சொல்லியிருப்பேன். பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தவன் மேசையைக் குறை சொல்கிறானே என்று நினைத்துவிடப் போகிறீர்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளாக என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறீர்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நானும் பார்க்கிற பார்வைதான் அது. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், அது என்னவென்று பார்ப்பதற்கு முன்னால், எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பவன் நான். முப்பத்தோரு வருடம் குடிநீர் வாரியத்தில் வரைவாளராக இருந்தேன். வரைபடத்தில் குழாய் நேராகப் போகும்; தோண்டிப் பார்த்தால் வளைந்து கிடக்கும். யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் சோம்பல்பட்டு அளக்காமல் விட்டிருப்பார். அந்த யாரோ ஒருவராக நான் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. கல்யாணம்கூட அப்படித் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றுவிட்டது.

எங்கள் மாதிரி ரயில் சங்கத்தில் என்னை 'மில்லி' என்று கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் நான் குடிப்பேன் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். மில்லிமீட்டரின் சுருக்கம் அது. சங்கம் நடப்பது ஒரு பல் மருத்துவமனையின் மாடியில். பல் டாக்டர்தான் தலைவர், எங்கள் காலாண்டிதழுக்கு ஆசிரியரும் அவரே. கீழே அவர் மற்றவர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே நாங்கள் பன்னிரண்டு பேர் உள்ளங்கை அகல எஞ்சின்களுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே எஞ்சினின் மாதிரியைச் செய்து விற்றால், எது அசலுக்குக் கிட்டே வருகிறது, எதை வாங்கலாம் என்று சொல்லும் பக்கங்கள் என்னுடையவை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். என் பக்கத்துக்காகக் காத்திருந்துவிட்டுப் பிறகு வாங்குகிற ஆட்கள் வெளியூர்களிலும் உண்டு.

இந்த முறை போட்டி குட்டைமூக்கனுக்கு. அந்த டீசல் எஞ்சினின் முன்பக்கம் சப்பையாக, யாரோ கதவில் முகத்தை இடித்துக்கொண்டது போல இருக்கும். அதனால் அந்தப் பெயர். நாற்பத்திரண்டுதான் செய்தார்கள். நாற்பத்தொன்று பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிச்சமிருக்கிற ஒன்று பழைய ஷெட்டில் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கிறது. செய்த தொழிற்சாலை மூடியபோது அதன் வரைபடங்களும் போய்விட்டன. இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே நான் அதை அளந்து வரைந்த வரைபடம்தான் இன்றைக்கு இருக்கிற ஒரே ஆதாரம். சங்கம் அதை அச்சடித்து நாலாயிரம் பிரதி விநியோகித்திருக்கிறது. மூலையில் என் பெயர் இருக்கும்.

ஒரு மாதிரி பச்சைப் பெட்டியில் வந்தது, மற்றது சிவப்புப் பெட்டியில். இரண்டும் அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இரண்டையும் அருகருகே வைத்து, பதினோரு நாள் அளந்தேன். நான் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீளத்தில் பச்சை கிட்டத்தட்டச் சரி. சிவப்பு கால் மில்லி அதிகம். கைப்பிடிக் கம்பிகளைப் பச்சைக்காரர்கள் தடித்த பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தார்கள், அசலில் அந்தத் தடிமனுக்குக் கம்பி இருந்தால் டிரைவரால் விரலை மடக்கவே முடியாது. சிவப்பில் மெல்லிய உலோகக் கம்பி, தொட்டால் அதிர்ந்தது. பக்கவாட்டுக் காற்று வலைகளைப் பச்சையில் வெறும் கோடுகளாகக் கீறியிருந்தார்கள். சிவப்பில் உண்மையான வலை, உள்ளே விசிறி தெரிந்தது. மஞ்சள் பட்டையின் நிறம் பச்சையில் பழுத்துப்போன மஞ்சள். சிவப்பில் அசல் நிறம். பச்சையின் மோட்டார் மெதுவாக ஓடும்போது முனகியது. இவ்வளவையும் அப்படியே எழுதினேன். நூற்றுக்குப் பச்சைக்கு எண்பத்தாறு, சிவப்புக்குத் தொண்ணூறு.

டிரைவர் ஏறி இறங்குகிற பக்கத்துப் படிகளுக்கு வந்தேன். பச்சையில் நான்கு. சிவப்பில் ஐந்து.

என் வரைபடத்தில் நான்கு. ஆகவே சிவப்பில் பிழை. ஐந்து மதிப்பெண் கழித்தேன். ஒரு படிக்கு ஐந்து மதிப்பெண் அதிகம் என்று தோன்றலாம். இல்லாத ஒன்றைச் செய்து வைப்பதை நான் எப்போதும் கடுமையாகத்தான் பார்ப்பேன்.

பிறகுதான் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாள்களைப் படித்தேன். பச்சையில் வரைபட உதவிக்கு என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். சிவப்பில், இந்த எஞ்சினை இருபத்திரண்டு வருடம் ஓட்டிய டிரைவருக்கு நன்றி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த பெயர் என் தங்கையின் வீட்டுக்காரருடையது.

எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் எல்லோரிடமும் விசாரித்துவிட்டீர்கள், நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு, யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரும் தங்கையும் என் வீட்டுக்கு வருவார்கள், நான் டீ போடுவேன். அந்தத் துண்டுத்தாளில் வேலை தொடங்கியதாகப் போட்டிருந்த தேதியைக் கணக்குப் பார்த்தால், எட்டு மாதமாக அவர் அந்தக் கம்பெனிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு மாதத்தில் முப்பத்து நான்கு ஞாயிறு. முப்பத்து நான்கு டீ. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. தங்கையிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன், மாப்பிள்ளைக்குத் தபால் கிபால் நிறைய வருகிறதா என்று. அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணா, எங்க வீட்டையே வேவு பாக்கறியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அவர் பணி ஓய்வு பெற்ற நாளில் நான் சட்டம் போட்டுக் கொடுத்த குட்டைமூக்கன் வரைபடம் அங்கேதான் தொங்குகிறது. நான்கு படி போட்ட வரைபடம். ஐந்து என்று அவர் உண்மையிலேயே நம்பினால், ஏழு வருடமாகத் தினமும் அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறார். இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அதை ஏளனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதன் ஏழு வருடம் மனசுக்குள் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு வலிக்கும்.

அடுத்த ஞாயிறு என் கட்டுரையின் கைப்பிரதியை வேண்டுமென்றே மேசையில் விட்டுவைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மச்சான், படி நாலுன்னு போட்டிருக்கீங்க."

"நாலுதானே மாப்பிள்ளை."

"அஞ்சு மச்சான்." அவர் குரல் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. "டிரைவர் எறங்கறப்ப கீழ பாக்க மாட்டான். எஞ்சினைப் பாத்தமாதிரி முதுகைக் காட்டிட்டுதான் எறங்குவான். கால்தான் எண்ணும். இருபத்திரண்டு வருஷம் எண்ணியிருக்கு."

நான் டீயை மென்று விழுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டுரையை அப்படியே பல் டாக்டரிடம் கொடுத்தேன். அதற்குள் சிவப்புப் பெட்டிக் கம்பெனியிடமிருந்தும், சங்கத்தின் வரைபடத்தில் நான்கு என்றிருப்பது தப்பு, ஐந்து படி என்று அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அவர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு சார் வாதம்? ஞாயித்துக்கிழமை எல்லாருமா ஷெட்டுக்குப் போவோம். எண்ணுவோம். எண்ணினதைப் போடுவோம்," என்றார். மாப்பிள்ளையையும் வரச்சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. நான் சரி என்றேன்.

அந்த ஷெட்டில் நான் சம்பளமில்லாத ஊழியன், மேடம். மாதத்தில் இரண்டு புதன்கிழமை போய்த் துரு சுரண்டி பெயிண்ட் அடித்துக் கொடுப்பேன். அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். குட்டைமூக்கனுக்கு ஒரு பக்கம் பார்வையாளர்களுக்காக மரப்படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து இரும்புப் படிகளை அப்போதே கழற்றிவிட்டார்கள். அசல் படிகள் இருப்பது மறுபக்கத்தில் மட்டும். அந்தப் பக்கம் ஒடுக்கமான சந்து, அடுத்த தண்டவாளம் கிட்டேயே போகிறது, ஆபத்து என்று சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். பெயிண்ட் அடிக்கிறவன் என்பதால் ஒரு சாவி என்னிடம் உண்டு. அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். சக்கரத்துக்கு அடித்திருக்கிறேன், கம்பிக்கு அடித்திருக்கிறேன். படிகளை எண்ணியதில்லை. நான் வரைந்ததை நானே ஏன் எண்ண வேண்டும்?

அன்று எண்ணினேன். ஐந்து.

மறுபடி எண்ணினேன். பிறகு குந்தி உட்கார்ந்துவிட்டேன். எப்படி நடந்தது என்பது கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தது. நான் அளந்த அன்று குட்டைமூக்கன் நின்றது பழைய கரி எஞ்சின்களின் சாம்பல் கொட்டிய பாதையில். முதல் நாள் நல்ல மழை. சாம்பலும் சேறுமாகச் சக்கரத்தின் பாதி வரைக்கும் மேடு தட்டிக் கிடந்தது. கடைசிப் படி அதற்குள் புதைந்து போயிருந்திருக்கிறது. நான் மேலேயிருந்து அளந்துகொண்டே வந்து, கண்ணுக்குத் தெரிந்த படியோடு நிறுத்திக்கொண்டேன். மண்ணுக்கடியில் இருப்பதை வரைந்தே சம்பளம் வாங்கியவன், ஒரு குச்சியால் குத்திப் பார்க்கவில்லை. தரை என்று நான் நினைத்தது தரையே இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். நாலாயிரம் பிரதி வெளியே இருக்கிறது. அதை நம்பிச் செய்த மாதிரிகள் எத்தனை ஆயிரம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் நான்கு படி. ஐந்து படி இருந்தது உலகத்தில் ஒரே ஒரு எஞ்சினில். நாலாயிரத்தைத் திருத்துவதா, ஒன்றைத் திருத்துவதா? நீங்கள் ஒரு நிர்வாகி என்றால் எதைச் செய்வீர்கள்?

கடைசிப் படி நான்கு போல்ட்டில் நின்றது, பக்கத்துக்கு இரண்டு. துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். காவலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், துருவா?"

"ஆமா. துரு," என்றேன்.

முட்டி வலிக்கும் என்று ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். படியைக் கழற்றினேன். துளைகளை மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, பழைய பெயிண்டின் மங்கலுக்குக் கொஞ்சம் கறுப்பு கலந்து இரண்டு பூச்சு பூசினேன். உங்கள் ஆட்கள் விளக்குப் பிடித்துப் பார்த்துக்கூட இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். படியைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அசல் பாகம், மேடம். இன்னொன்று கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது. பல் டாக்டர் எஞ்சினின் முன்னால் நின்று ஹாரனைக் காட்டி ஏதோ கதை சொல்லத் தொடங்கினார், சங்கத்தினர் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை என் முழங்கையைத் தொட்டு மரப்படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"மச்சான், முதல்ல நாம ரெண்டு பேரும் பாத்துக்குவோம். எல்லார் முன்னாலயும் எண்ண வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கடைசிப் படி பின்னால வச்சதுன்னு நான் சொல்லிடறேன். டிரைவருங்க எல்லாரும் கேட்டு வாங்கினோம்னு சொல்லிடறேன். அப்ப உங்க வரைபடமும் சரி, அவங்க மாதிரியும் சரி. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அவரை இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இடத்தில் தெரிந்துகொள்ளலாம். எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தார். என் பெயர் கெடக் கூடாது என்றுதான் எட்டு மாதமும் வாய் திறக்காமல் இருந்தார் என்று பிற்பாடு தங்கை சொன்னாள். தாளில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதியிருந்தாராம், அவர்கள் கேட்காமல் போட்டுவிட்டார்களாம். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் அதை ஏற்றிருக்க மாட்டேன். என் வரைபடத்தைக் காப்பாற்ற ஒரு பொய் அளவா? இருபத்தொன்பது வருடத்தில் தெரிந்து ஒரு தப்பான எண்ணை நான் தாளில் வைத்ததில்லை. முகம் சுண்டிப்போயிருக்க வேண்டும். "வேணாம் மாப்பிள்ளை, எண்ணியே பாத்துடலாம்," என்றேன்.

"சரி, அப்ப நான் அந்தப் பக்கமா எறங்கிக் காட்டறேன். கால் சொல்லட்டும்," என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் மரப்படிக்கட்டு வழியாக ஓட்டுநர் அறைக்குள் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் சிவப்புப் பெட்டி மாதிரியை அவர் கையில் கொடுத்தேன், அசலோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும், பத்திரமாகக் கீழே கொண்டுவாருங்கள் என்று. இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் சுற்றிக்கொண்டு போய்ச் சங்கிலியைத் திறந்து சந்துக்குள் நின்றேன். என் இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தன.

அவர் இறங்கினார். நான்காவது படியைத் தாண்டிக் கால் வைத்தார். மல்லாந்து விழுந்தார். பின்மண்டை அடுத்த தண்டவாளத்தில் பட்டது. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தபோது உயிர் இல்லை. மாதிரி மட்டும் அவர் இடது கையில், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை.

அன்று எல்லோரும் எண்ணினார்கள். அழுதுகொண்டே எண்ணினார்கள், ஆனால் எண்ணினார்கள். நான்கு. "பாவம், அஞ்சு இருக்குன்னு நம்பியே காலை வச்சிட்டார்," என்று பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஒரு மனிதன் தன் உயிரைக் கொடுத்து என் வரைபடம் சரி என்று காட்டிவிட்டுப் போனது போல ஆகிவிட்டது. நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் முகத்தில் அப்படி எழுதியிருந்தது.

கட்டுரை அடுத்த இதழில் வந்தது. பச்சைக்கு எண்பத்தாறு, சிவப்புக்கு எண்பத்தைந்து. தரம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி சேர்த்திருந்தேன்: தற்செயலாக நேர்ந்த ஒரு விழுதலுக்குப் பிறகும் சிவப்புப் பெட்டி மாதிரியின் கைப்பிடிக் கம்பிகள் சிறிதும் வளையவில்லை, இணைப்புகள் உறுதி. உண்மை அதுதானே. நல்லதைக் கண்டால் எழுத வேண்டாமா?

தங்கை அந்த வரியைப் படித்திருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இதழைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் ஒரு பழைய புகைப்படத்தைச் செருகி வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் எடுத்தது. மாப்பிள்ளை குட்டைமூக்கனின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்; அதற்கு மேலே இன்னும் நான்கு படி தெரிகிறது. உட்கார் என்று சொன்னேன், உட்காரவில்லை. டீ போடட்டுமா என்றேன். என் மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காகிதம் பறக்காமல் இருக்க நான் அதன் மேல் ஓர் இரும்புப் பலகையை வைத்திருந்தேன். முன் விளிம்பில் வழுக்காமல் இருக்க வரி வரியாகப் பள்ளம் வெட்டிய பலகை.

"அண்ணா, இது என்னது?"

"எஞ்சின் படி."

"எத்தனாவது படி?"

நீங்கள் என்னை மூன்று நாள் சுற்றிச் சுற்றி விசாரித்தீர்கள், மேடம். அவளுக்கு ஒரே கேள்விதான் தேவைப்பட்டது. கூடப் பிறந்தவள், எதைக் கேட்டால் என்னால் மழுப்ப முடியாது என்று தெரியும். எண்ணைக் கேட்டால் நான் எண்ணைத்தான் சொல்வேன்.

"அஞ்சாவது," என்றேன்.

அவள் புகைப்படத்தை அந்தப் படியின் மேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் போனாள். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும், அது ஆறும் என்று நம்புகிறேன். விபத்து விபத்துதான் என்று ஒரு நாள் அவளுக்குப் புரியும். நான் ஓர் எஞ்சினைத் திருத்தினேன், மனிதனை எதுவும் செய்யவில்லை என்றுதான் உங்களிடமும் மூன்று நாளாகச் சொல்லி வருகிறேன்.

ஆனால் நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இறங்கும்போது அவர் ஏதாவது பேசினாரா என்று. ஞாபகம் இல்லை என்று மூன்று முறையும் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை என்பது பேனாவை மூடிவைத்த விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பதில் துல்லியமானது இல்லை. அதைத் திருத்தத்தான் இன்று நானாகவே உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் எண்ணிக்கொண்டே இறங்கினார். எனக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே எண்ணினார். வலது கை கம்பியில், இடது கையில் மாதிரி, முகம் எஞ்சினைப் பார்த்து. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. நாலாவதில் நின்று வலது காலைக் கீழே விட்டுத் துழாவினார். ஷூவின் நுனி காற்றில் இப்படியும் அப்படியும் போயிற்று. எனக்கு இரண்டடி தூரம். கையை நீட்டியிருந்தால் அவர் முதுகைத் தொட்டிருக்கலாம். அவர் காலை மேலே எடுத்துக்கொள்ளப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், பாதம் ஒரு கணம் தயங்கியது. அவ்வளவு வருடம் எண்ணிய கால் அல்லவா. சந்தேகப்பட்டது.

"மச்சான், அஞ்சாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாப்பிள்ளை," என்றேன். "இன்னும் கொஞ்சம் கீழ."

அவர் என்னை நம்பி முழுக் கனத்தையும் இறக்கினார்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். இருபத்தொன்பது வருடத்தில் நான் தெரிந்தே சொன்ன தப்பான அளவு அது ஒன்றுதான்.